‘மரியாதையான குழந்தை’ என்று நான் எழுதிய அறிக்கை

நாலு வயதுக் குழந்தை ஒருத்தி என்னைக் ‘கண்ணு’ என்று கூப்பிட்டாள். அப்போது எனக்கு ஐம்பது தாண்டி மீசை பாதி நரைத்திருந்தது. அந்த ஒரு வார்த்தையில் உருகிப்போய், என் உத்தியோக காலத்திலேயே மிக மோசமான அறிக்கையை அன்று மத்தியானம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. குழந்தை வளர்ச்சி மையங்களில் உளவியலாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். சரியாகக் கண்டுபிடித்த கேஸ்களை எழுதினால் எனக்குப் பெருமையாக இருக்கும், உங்களுக்குக் கால் காசுக்குப் பிரயோஜனம் இருக்காது. அதனால் இதை எழுதுகிறேன். குழந்தையின் பெயரைத் தாரணி என்று மாற்றியிருக்கிறேன்.

ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. குழந்தையைப் பார்க்கிறோம், பெற்றோரிடம் கேட்கிறோம், அவ்வளவுதான். நான் வேலைக்கு வந்த புதிதில் ஆட்டிசம், ஆஸ்பெர்ஜர், இரண்டிலும் சேராதது என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தன. ஒரே குழந்தை மூன்று டாக்டர்களிடம் போய் மூன்று பெயரோடு திரும்பி வரும். பிறகு எல்லாவற்றையும் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார்கள். இப்போது நாம் இரண்டு பக்கம் பார்க்கிறோம். ஒரு பக்கம், பிறரோடு பழகுவதும் பேச்சைக் கொடுத்து வாங்குவதும். மறுபக்கம், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது அல்லது சொல்வது, சின்ன மாற்றத்தையும் தாங்க முடியாமை, ஒன்றிலேயே மூழ்கிப்போவது, சத்தமோ தொடுகையோ மற்றவர்களைவிட மிக அதிகமாகவோ குறைவாகவோ உறைப்பது. இரண்டு பக்கமும் நிறைந்தால்தான் அந்தப் பெயர். அதற்குமேல், எவ்வளவு உதவி தேவை என்று மூன்று நிலைகளில் ஒன்றைக் குறிக்கிறோம். இதெல்லாம் நீங்கள் பரீட்சைக்குப் படித்ததுதான். நானும் படித்தவன்தான். இருந்தும், மறுபக்கத்தில் எழுத வேண்டிய ஒரு வாக்கியத்தை முதல் பக்கத்தில் எழுதினேன், அதுவும் அந்தக் குழந்தையின் நல்ல குணமாக.

அது ஒரு சனிக்கிழமை. ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் மையத்து நடைவழியில் நிற்க இடமில்லை. சனிக்கிழமையானால் தறிக்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். தாரணியின் அப்பாவுக்குச் சோமனூரில் எட்டு விசைத்தறி. அம்மா அப்போது வேலைக்குப் போகவில்லை, வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு எண்ணெய் வைத்து வாரிச் சின்னதாக இரட்டைச் சடை போட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார வைத்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“பேச்சு நல்லாத்தான் வருதுங்க,” என்றார் அம்மா. “ஆனா பேசறது என்னமோ மாதிரி இருக்குதுங்க.”

“என்னமோ மாதிரின்னா?”

“சொல்லத் தெரியலீங்க.”

அப்பா குறுக்கிட்டார். “இவளுக்குத்தாங்க சந்தேகம். எங்களுக்கெல்லாம் ஒண்ணும் தெரியலீங்க. அம்மணி அத்தன மருவாதியாப் பேசுமுங்க. பெரியவங்ககூட அப்புடிப் பேச மாட்டாங்க.”

வேறு ஊர்களிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் குழந்தையை ‘அம்மணி’ என்போம், தவழும் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு, சாப்பிடுங்க கண்ணு’ என்றுதான் கொஞ்சுவோம். வீட்டில் தெலுங்கு பேசுகிற நாங்களே குழந்தையைக் கண்டால் இந்த ‘ங்க’வுக்குத் தாவிவிடுவோம். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

என் மேசைமேல் தண்ணீர் பாட்டில் இருந்தது. தாரணி அதைப் பார்த்துக்கொண்டே, “தண்ணி குடிக்கிறீங்களா கண்ணு?” என்றாள்.

சிரிப்பில் என் பல்லெல்லாம் தெரிந்தது. “குடிக்கறனுங்க அம்மணி” என்று சொல்லி, அவள் கண்முன்னால் பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரைக் குடித்தேன். அவள் ஓவென்று அழுது தரையில் புரண்டாள். அம்மா பையிலிருந்து வேறு பாட்டிலை எடுத்து அவள் வாயில் வைத்தார். அழுகை நின்றது.

“அது கேட்டது அதுக்குத்தானுங்க,” என்றார் அம்மா மெதுவாக. “உங்களுக்கில்லீங்க.”

“இருக்கட்டும்ங்க. நம்மூருப் புள்ளைக்கு ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைய உபசரிக்கச் சொல்லியா குடுக்கோணும்?” என்றேன். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததையும் நான் கவனித்தேன். கவனித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நாலு வயதுக் குழந்தை தாத்தா வயதுக்காரனைக் ‘கண்ணு’ என்று ஏன் கூப்பிட வேண்டும்? கேட்கும்போது அவள் பார்வை என் முகத்தில் இல்லை, பாட்டிலில் இருந்தது. அதைக் கூச்சம் என்று எழுதிக்கொண்டேன். அவள் பெண்ணாக இருந்ததும் சேர்ந்துகொண்டது. பையன் அப்படி உறைந்து உட்கார்ந்திருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். பெண் குழந்தை அடக்கமாக உட்கார்ந்திருந்தால் நமக்கு மனசு நிறைந்துவிடுகிறது. பேச்சில் கொஞ்சம் தாமதம், ஆட்டிசம் இல்லை, பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் பேச்சு கூடும் என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்துக் கும்பிட்டார். வெளியே இன்னும் பதினோரு குடும்பங்கள் காத்திருந்தன.

ஒன்றரை வருடம் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். என் பேச்சைக் கேட்டு மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டு, அவரும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். கையில் பள்ளிக்கூட டைரி. சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்: ‘வகுப்பில் ஆசிரியையைக் கேலி செய்கிறாள். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொடுக்கவும்.’

“என்ன சொன்னாளாமுங்க?” என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “ஒண்ணுக்கு வருதுங்களா கண்ணு, அப்புடீன்னு டீச்சரைக் கேட்டுச்சாமுங்க.”

தினமும் இரண்டாவது பீரியடில் எழுந்து நின்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சர் உட்காரச் சொல்லியிருக்கிறார், சில நாள் நிற்க வைத்திருக்கிறார். குழந்தை அடக்கிக்கொள்ளப் பழகியது. சில நாள் பாவாடை நனைந்தது. பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டது. சிறுநீரில் கிருமி தொற்றிக் காய்ச்சல் ஏறி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்து அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

ஒரு குழந்தை ஒண்ணுக்குப் போகக் கேட்டு, கேட்டதற்காகத் தண்டனை வாங்கியிருக்கிறாள். என்னிடம் தண்ணீர் கேட்டதும் அதே மாதிரிதான். நான் அதை மரியாதை என்று எழுதினேன், டீச்சர் மரியாதைக் குறைவு என்று எழுதினார். எங்கள் இருவரில் டீச்சர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் படித்தது இந்தப் படிப்பு இல்லையே.

“எல்லாம் எங்க பேச்சுங்க,” என்றார் அம்மா. “தண்ணி வேணுமின்னா நான் அதுகிட்ட எப்புடிக் கேப்பேனோ, அதையே அப்புடியே சொல்லுமுங்க. எனக்கு வேணும்னு சொல்லாதுங்க. ஊட்ல எனக்குப் புரியுது, எடுத்துக் குடுத்துருவேன். வெளிய யாருக்குங்க புரியும்?”

முதல் நாள் ‘சொல்லத் தெரியலீங்க’ என்றாரே, அதைத்தான் இப்போது சொன்னார். பாடப் புத்தகத்தில் ‘கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பேச்சு’ என்று நாம் படித்ததை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு தாரணி சொல்லும் ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: “இது ஊட்ல யாரு பேசறதுங்க?” ‘காரம் ஆயிப்போச்சுங்களா’ என்றால் தன் வாய் எரிகிறது என்று அர்த்தம். ‘நாளைக்குப் போலாமுங்க’ என்றால் இப்போது அங்கே போக மாட்டேன். அது யாராவது எங்காவது கூப்பிட்டால் அப்பா போனில் சொல்லித் தட்டிக்கழிப்பது. நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள் தாரணியை வரவழைத்து நிதானமாகப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கும் போனேன். தறிச் சத்தத்தில் தொட்டிலில் தூங்கிய குழந்தை, பள்ளிக்கூட மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறாள். மற்றக் குழந்தைகள் விளையாடக் கூப்பிட்டால் அவர்களைத் தாண்டிச் சுவரைப் பார்க்கிறாள். இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. ஆட்டிசம்தான், நல்ல உதவி தேவைப்படும் இரண்டாம் நிலை. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கடைசி நாள் அப்பாவும் வந்தார். பிளாஸ்டிக் கவரில் என் பழைய அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்தார். அதை மேசைமேல் எடுத்து வைத்தார்.

“நீங்களே பாத்து ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்தீங்க. இவ கம்பெனிக்குப் போக ஆரம்பிச்சதுக்கப்பறந்தான் புள்ள இப்புடி ஆயிருக்குது. கூட இருந்து பாக்க ஆளில்லாமப் போச்சுங்க.”

அந்த அம்மா மகளின் அவிழ்ந்த சடையை எடுத்துப் பின்ன ஆரம்பித்தார். அப்பா நிறுத்தவில்லை.

“புள்ளய அந்தியூர்ல என்ற அக்கா ஊட்ல கொண்டுபோய் உட்டுப்போடலாம்னு இருக்கறனுங்க. பள்ளிக்கூடமும் வேண்டாம், இவ வேலையும் வேண்டாம். அவங்க நல்லாப் பாத்துக்குவாங்க.”

அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோனவர். ஆனால் தாரணி பேசும் பாஷை உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த அம்மாவிடமிருந்து குழந்தையைப் பிரிக்கப் போகிறார்கள். அதற்குச் சாட்சியாக மேசைமேல் இருப்பது என் கையெழுத்து.

சாயங்காலம் வந்து அறிக்கையை வாங்கிக்கொள்ளச் சொல்லி அவர்களை அனுப்பினேன். மையத்தின் தலைமை டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல டாக்டர், என்மேல் பிரியம் உள்ளவர்.

“இதுக்கு ஏனுங்க இப்புடி அலட்டிக்கறீங்க?” என்றார். “அறிகுறி சின்ன வயசுலயே இருந்தாலும், வெளியுலகத்துக்குப் போய் அதால ஈடுகுடுக்க முடியாதப்பத்தான் முழுசாத் தெரியும்னு வரையறையிலயே இருக்குது. பள்ளிக்கூடம் போனதும் வெளிப்பட்டதுன்னு எழுதுங்க. பொய்யில்லையே.”

பொய்யில்லைதான். பல குழந்தைகளுக்கு அது சத்தியமான உண்மை. நீங்களும் பலருக்கு அதை எழுதுவீர்கள். நானும் என் அறைக்குத் திரும்பி, ‘பள்ளியில் சேர்ந்த பிறகு அறிகுறிகள் வெளிப்பட்டன’ என்று அடித்தேன். மறைக்க விரும்பவில்லை, அடித்து முடித்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது. மையத்துக்குக் கெட்ட பேர் இல்லை, எனக்கும் இல்லை. டீ வாங்கி வரச் சொல்லிக் குடித்தேன்.

தேதி சரிபார்க்கத்தான் பழைய ஃபைலை எடுத்தேன். அப்பாவிடம் கொடுத்தது டைப் அடித்த அறிக்கை. ஃபைலுக்குள் இருந்தது அன்று நான் கையால் எழுதிய குறிப்பு. ‘பெரியவர்களுக்குத் தானாகவே தண்ணீர் தர முன்வருகிறாள். மரியாதையான குழந்தை.’ அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘தாய் தேவையில்லாமல் கவலைப்படுபவர்.’

அந்த வரியை எழுதியது எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் என் கையெழுத்துத்தான். அந்த அம்மா இரண்டே வாக்கியத்தில் சரியான விடையைச் சொல்லியிருக்கிறார். அதை எழுதாமல், அதைச் சொன்னவருக்கு ஒரு வியாதி மாதிரிப் பேர் வைத்திருக்கிறேன். இப்போது ‘பள்ளியில் சேர்ந்த பிறகு’ என்று எழுதினால், அவர் புருஷன் அதை ‘வேலைக்குப் போன பிறகு’ என்றுதான் படிப்பார். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தவை. என் தப்பை அந்த அம்மா தலையில் கட்டி, குழந்தையை அந்தியூருக்கு பஸ் ஏற்றிவிட நானே சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அசிங்கமாக இருந்தது.

அடித்ததை அழித்தேன். இப்படி எழுதினேன்: ‘அறிகுறிகள் முதல் பரிசோதனையின்போதே இருந்தன. குழந்தையின் தாய் அவற்றை அன்றே சரியாக விளக்கினார். பரிசோதித்தவர் அதைப் புரிந்துகொள்ளவில்லை, பதிவு செய்யவும் இல்லை. தாய் வேலைக்குச் சென்றதற்கும் இந்த நிலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.’

தலைமை டாக்டர் இரண்டு தடவை படித்தார். “நாளைக்கு யாராவது கேஸ் போட்டா?” என்றார். “போட்டா வந்து நின்னுக்கறேனுங்க,” என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் அவர்மேல் எனக்குள்ள மரியாதைக்கு அந்தக் கையெழுத்துத்தான் காரணம்.

சாயங்காலம் அறிக்கையை அவர்கள் இருவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அப்பா பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“அப்ப இவ வேலைக்குப் போனதால இல்லீங்களா?”

“இல்லீங்க. நீங்க மொதல்ல வந்தன்னிக்கே இருந்துச்சுங்க. அதுக்கு முன்னாலயும் இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல. அவங்களுக்குத் தெரிஞ்சுது, சொன்னாங்க. நான் சிரிச்சுப்போட்டேன்.”

“நானுந்தானுங்க சிரிச்சேன்,” என்றார் அவர்.

இரண்டாம் நிலை என்றால் மூன்றாம் நிலைக்குப் போய்விடுமா என்று கேட்டார். அது வியாதி முற்றுகிற கணக்கு இல்லை, எவ்வளவு கைகொடுக்க வேண்டும் என்கிற கணக்கு, இன்றைக்கு இருப்பது மாறலாம் என்றேன். ஒரே பேர் சொன்னாலும் எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி இருக்காது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். “எங்க தறி எட்டும் ஒரே கம்பெனிதானுங்க. ஒண்ணொண்ணும் ஒவ்வொரு எடத்துல நூலறுக்கும்,” என்றார். எனக்கு அதைவிட நன்றாகச் சொல்ல வராது.

தாரணி அந்தியூருக்குப் போகவில்லை. டீச்சரிடம் பேசினேன். சின்னப் பெண். விஷயம் புரிந்ததும், “நான் நிக்க வெச்சுட்டேனுங்க சார்” என்று அதையே நாலு தடவை சொல்லி அழுதார். அவருக்கு நான் என் தண்ணீர் பாட்டில் கதையைச் சொன்னேன். மறுநாளிலிருந்து தாரணி கேட்ட உடனே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். பிறகு படம் போட்ட அட்டையைக் காட்டக் கற்றுக்கொடுத்தோம். ‘எனக்கு’ என்ற சொல் அவள் வாயில் வர இன்னும் ஒரு வருடம் ஆனது.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். குழந்தை பேசியதை அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் அந்த வாக்கியம் வீட்டில் யாருடையது என்று கேட்டு எழுதுங்கள். பெற்றோர் சொன்னதை உங்கள் வார்த்தையில் சுருக்காமல் அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுங்கள். ஒரு குழந்தை உங்கள் மனசைக் கவர்ந்துவிட்டால், அந்தக் குழந்தைக்கு இன்னும் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். நான் பிறந்து வளர்ந்த ஊர், என் காதுக்குப் பழகிய பேச்சு என்ற தைரியத்தில்தான் விழுந்தேன். வெளியூரிலிருந்து வந்திருக்கும் நீங்கள் யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால், இந்தப் பிள்ளை என்னை ஏன் கண்ணு என்கிறது என்று அங்கேயே கேட்டிருப்பீர்கள்.

அறிக்கை படித்த அன்று நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை எடுக்க அப்பா மகளைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். அம்மா அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பி வந்தார்.

“ஏனுங்க, இதுல ‘குழந்தையின் தாய்’னு போட்டிருக்குதுங்களே. அந்த எடத்துல என்ற பேரைப் போட முடியுங்களா?”

“போடலாமுங்க” என்று சொல்லிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்த வரியைத் தேடி எடுத்து, அடிக்கப் போன விரல் நின்றுவிட்டது. ஐந்து தடவை என் எதிரில் உட்கார்ந்திருந்தவர். முதல் நாள் நிரப்பிய படிவத்திலேயே இருந்திருக்கும். நான் படித்ததில்லை.

“உங்க பேர் என்னங்க?” என்று கேட்டேன்.